தண்ணீர் கேட்காத வண்டி

என் வேலை வண்டிகளை எழுதுவது.
கொலிமாவில், சுசுமான் பணிமனையில்,
எது எத்தனை லிட்டர் குடித்தது,
எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்குத் திரும்பினான்,
அல்லது திரும்பவில்லை.
மை உறைந்துவிடும் என்பதால் பென்சில்.

முன்பு ஸ்டூடிபேக்கர்கள் இருந்தன.
போர்க்காலத்தில் அமெரிக்கா அனுப்பியவை.
நல்ல வண்டிகள்தான், தாகம் மட்டும் அதிகம்.
ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டு
ஒருவன் புகையிலை சுருட்டி முடிப்பதற்குள்
உள்ளே நீர் கல்லாகும்; இரும்பு பிளக்கும்.
பேரேட்டில் அதற்கு ஒரே சொல்: வெடிப்பு.
ஒரு ஜனவரியில் அதை நாற்பத்தொரு முறை எழுதினேன்.

பிறகு செக் நாட்டிலிருந்து டாட்ரா வந்தது.
நீண்ட மூக்கு.
ஆறும் ஆறுமாய்ச் சாய்ந்து உட்கார்ந்த
பன்னிரண்டு சிலிண்டர்கள்,
ஒவ்வொன்றின் மேலும் மீன்செவுள் போல் மடிப்புகள்.
வாளியோடு ஓடிவந்த ப்ரோகோர்
மூடியைத் தேடி வண்டியை இரண்டுமுறை சுற்றினான்.
ஊற்ற வாயே இல்லை.
காற்றில் குளிர்ந்துகொள்ளும் டீசல்.

உப்புத் தின்றவன்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.
உப்பைக் கண்ணால் பாராதவர்களும்
வரிசையில் நின்று குடித்த ஊருக்கு
ஒரு சொட்டும் கேட்காமல் வந்து நின்றது அது.

கையேடு பாதி செக், பாதி ஜெர்மன்.
படிக்க ஆள் வேண்டும் என்று
முகாமிலிருந்து ரைன்ஹோல்ட் ஷெஃப்லரை அழைத்துவந்தார்கள்.
வோல்காக் கரைக்காரன்.
அந்த மொழி வாயில் இருந்ததற்காகத்தான் அவன் இங்கே இருந்தான்.
இப்போது அதே மொழிக்கு
அடுப்போரம் ஒரு பெட்டி உட்கார,
இருநூறு கிராம் ரொட்டி அதிகம்.

வண்டிகளோடு வந்த செக் ஃபிட்டர்
இரண்டு வாரம் தங்கினான்.
ஒருநாள் இன்ஜெக்டரைத் துடைத்தபடி
ஜெர்மனில் ஏதோ சொன்னான்;
ரைன்ஹோல்ட் எனக்குச் சொன்னது இது:
'இந்த எஞ்சினை எங்களிடம் கேட்டவர்கள் நாஜிகள்.
ஆப்பிரிக்க மணலில் ஓட.
அங்கே தண்ணீர் இல்லையே.
செய்து முடிப்பதற்குள்
அங்கே அவர்கள் தோற்றிருந்தார்கள்.'
'மெதுவாகச் செய்தீர்களா?' என்று ரைன்ஹோல்ட் கேட்டானாம்.
ஃபிட்டர் நகத்திலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

வெயிலுக்குப் பிறந்தது பனிக்கு வாழ்க்கைப்பட்டது.

தண்ணீர் உறையாது, சரி.
டீசல் உறையுமே!
மைனஸ் ஐம்பதில் அது மெழுகாகும்.
தொட்டிக்கடியில் தகரத்தட்டில் தீ மூட்டினான் ப்ரோகோர்.
அக்டோபர் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு
அவன் எஞ்சினை அணைக்கவே இல்லை.
சரக்கு ஏற்றும்போதும், அவன் உறங்கும்போதும்,
ஒரு சிலிண்டர் செத்து மற்றவை இழுத்த வாரத்திலும்.
'நின்ற நேரம்' என்ற கட்டத்தில்
சுழி, சுழி, சுழி.
பணிமனையை ஒட்டிய பாரக்கில்
அந்த உறுமலுக்குள்தான் நாங்கள் தும்மினோம், சண்டையிட்டோம்,
லியூபாவின் குழந்தை பிறந்தது.

போகும்போது மாவு மூட்டை. சில நாள் மனிதர்கள்.
சுரங்கத்திலிருந்து வரும்போது பெரும்பாலும் காலி.
அதையும் லிட்டரில்தான் எழுதினேன்.
காலி வண்டி குறைவாகக் குடிக்கும்.
எஞ்சினைக் குற்றம் சொல்ல முடியாது.
பென்சிலையும் அப்படித்தான் என்று
சொல்லிக்கொண்டேன், கொஞ்ச நாள்.

மே மாதம் பதினாறு, பின்னிரவு.
கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்ததும்
ப்ரோகோர் எழுந்துபோய் எஞ்சினை நிறுத்தினான்.

பாரக் முழுக்க விழித்துக்கொண்டது.
குழந்தை வீறிட்டது;
பிறந்ததிலிருந்து அது அமைதியைக் கேட்டதே இல்லை.
ரைன்ஹோல்ட் இருட்டில் எழுந்து உட்கார்ந்து
கதவைப் பார்த்து,
'யாரது?' என்றான்.
ரஷ்ய மொழியில் அல்ல.

காலையில் பேரேட்டைத் திறந்தேன்.
நின்ற நேரம்: மூன்று மணி, நாற்பது நிமிடம்.
சரக்கு என்ற கட்டத்துக்கு வந்ததும்
பென்சிலைச் சீவப் போனேன்.
வெகுநேரம் சீவினேன்.